வேகமா, இடமா, விலையா? எஸ்.எஸ்.டி. வாங்கப் போவோமா!



கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு, அது தயாராவதற்குள் பல் துலக்கி, முகம் கழுவி, காபியும் குடித்து முடித்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் தினமும் அதுதான் நடந்தது. கடிகாரத்தைப் பார்த்தே சொல்கிறேன், முழுசாக நான்கு நிமிடம்!

எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேரன் பொறுமை இழந்துவிட்டான்.

"ஆச்சி, இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாம்."

புதுக் கம்ப்யூட்டர் என்றால் பல ஆயிரம் ரூபாய். அந்த மாதம்தான் அவன் அக்காவுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். நானோ பென்ஷன் வாங்கும் பழைய வாத்தியாரம்மா. என்ன செய்வது? பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனோம். கடைக்காரர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்.

"வாங்க டீச்சர்" என்று நாற்காலி போட்டார். பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"இதுக்கு மூளை நல்லாத்தான் இருக்கு டீச்சர். அலமாரிதான் பழசு. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்.எஸ்.டி. போட்டா போதும்" என்றவர், மேஜை மேல் நாலைந்து அட்டைப் பெட்டிகளை வரிசையாக வைத்தார். "எது வேணும்?"

எனக்குத் திருதிரு என்று விழிப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன் தம்பி" என்று வந்துவிட்டேன். அன்று இரவு நானும் பேரனும் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். அன்று படித்த பாடம்தான் இன்று உங்களுக்கு.

சுற்றும் தட்டு

கம்ப்யூட்டரில் நாம் சேமிக்கும் படம், பாட்டு, பாடக் குறிப்பு எல்லாம் ஓர் அலமாரியில் இருக்கின்றன. பழைய கம்ப்யூட்டர்களில் அந்த அலமாரிதான் ஹார்ட் டிஸ்க். அதற்குள் பளபளப்பான வட்டத் தட்டுகள் இருக்கும். அவை நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றும். தட்டின் மேல் ஒரு மெல்லிய கை அங்குமிங்கும் நகர்ந்து, காந்தப் புள்ளிகளாக எழுதியிருப்பதைப் படிக்கும்.

இதன் தாத்தா 1956-ல் பிறந்தது. ஐ.பி.எம். நிறுவனம் செய்த அந்த இயந்திரத்தில் 50 தட்டுகள். ஒவ்வொன்றும் 24 அங்குல அகலம், அதாவது இரண்டு அடி! மொத்த எடை ஏறக்குறைய ஒரு டன். அவ்வளவு பெரிய இயந்திரத்தில் சேமிக்க முடிந்தது 50 லட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்று செல்போனில் எடுக்கும் ஒன்றிரண்டு போட்டோவிலேயே அது நிரம்பிவிடும்.

சுற்றாத சில்லு

எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, கையும் இல்லை. அசையும் பாகம் எதுவுமே கிடையாது. உள்ளே இருப்பது சில்லுகள். ஒவ்வொரு சில்லிலும் கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள். அந்த அறைகளில் மின்னூட்டத்தை அடைத்து வைத்துத்தான் தகவலைச் சேமிக்கிறார்கள். கரண்ட் போனாலும் மின்னூட்டம் அப்படியே இருக்கும். ரேம் அப்படியல்ல, கரண்ட் போனதும் எல்லாவற்றையும் மறந்துவிடும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானைச் சேர்ந்த ஃபுஜியோ மசுவோகா. தோஷிபா நிறுவனத்தில் வேலை பார்த்தபோது 1984-ல் தன் கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்தார். இன்றைய எஸ்.எஸ்.டி.களில் இருக்கும் 'நேண்ட்' வகை 1987-ல் வந்தது. தகவலை ஒரே வீச்சில் அழித்துவிடுவது கேமராவின் ஃப்ளாஷ் வெளிச்சம் போல இருக்கிறதே என்று உடன் வேலை பார்த்தவர் சொல்ல, 'ஃப்ளாஷ் மெமரி' என்ற பெயர் நிலைத்தது. உங்கள் பென் டிரைவ், செல்போன், மெமரி கார்டு எல்லாவற்றிலும் இருப்பது இதுவேதான்.

முதல் கேள்வி: எவ்வளவு வேகம்?

ஒரு கணக்குப் போடுவோமா? நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று. வேண்டிய புள்ளி கைக்கு அடியில் வரும்வரை ஹார்ட் டிஸ்க் காத்திருக்க வேண்டும். கை நகரும் நேரமும் உண்டு. ஆகவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் தகவல்களை அது நொடிக்குச் சுமார் 100 மட்டுமே எடுக்கும். எஸ்.எஸ்.டி.யோ நொடிக்குப் பல்லாயிரம் எடுத்துவிடும்!

கம்ப்யூட்டர் விழித்தெழ 10,000 சிறு தகவல்கள் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஹார்ட் டிஸ்க்குக்கு 100 நொடி. எஸ்.எஸ்.டி.க்கு ஒரு நொடி கூட ஆகாது. கம்ப்யூட்டருக்கு வேறு வேலைகளும் இருப்பதால் ஒரே நொடியில் தயாராகிவிடாது. ஆனால் பல் துலக்கி வரும் அளவுக்குக் காக்க வைக்காது.

எஸ்.எஸ்.டி.யிலும் இரண்டு வகை உண்டு. 'சாட்டா' வகை நொடிக்குச் சுமார் 550 எம்.பி. வரை படிக்கும். 'என்.வி.எம்.ஈ.' வகை நொடிக்கு 3,000, சிலது 7,000 எம்.பி.க்கு மேலும் படிக்கும்.

"அப்படின்னா ஏழாயிரத்தையே வாங்கலாமே ஆச்சி!" என்றான் பேரன்.

அரை கிலோமீட்டரில் இருக்கும் பள்ளிக்கு நடந்து போகிறவனுக்குச் சைக்கிள் கிடைத்தால் பெரிய மாற்றம் தெரியும். சைக்கிளை விட்டு ரேஸ் கார் வாங்கினால்? அந்தச் சின்னத் தெருவில் என்ன பெரிய லாபம்? ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு மாறுவது சைக்கிள் கிடைத்த மாதிரி. பாடம் படிக்க, கட்டுரை தட்டச்சு செய்ய அதுவே தாராளம். தினமும் பெரிய பெரிய வீடியோக்களை வெட்டி ஒட்டி வேலை செய்பவருக்குத்தான் ரேஸ் கார் தேவை.

இன்னொன்று. எங்கள் பழைய பெட்டியில் என்.வி.எம்.ஈ. செருகும் இடமே இல்லை! வாங்கியிருந்தால் பணம் வீண். சூயிங் கம் பட்டை போல நீளமாக இருக்கும் 'எம்.2' வகையின் மேல் 2280 என்று எழுதியிருக்கும். அது 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்பதைச் சொல்வது. அதே வடிவத்தில் சாட்டாவும் வரும், என்.வி.எம்.ஈ.யும் வரும். வடிவத்தை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்து போவோம்.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு இடம்?

வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டோம். இயங்குதளமும் மென்பொருள்களும் 40 ஜி.பி. போட்டோக்கள் 10,000, ஒன்றுக்கு 3 எம்.பி. வீதம் 30 ஜி.பி. வீடியோக்கள் 60 ஜி.பி. ஆக மொத்தம் 130 ஜி.பி. வரும் ஆண்டுகளுக்காக இரண்டு மடங்காக்கினால் 260.

அலமாரியை மூச்சு முட்ட அடைக்கவும் கூடாது. ஏன் தெரியுமா? எஸ்.எஸ்.டி.யில் ஒரே ஓர் எழுத்தை மட்டும் அழிக்க முடியாது. ஒரு பெரிய கட்டம் முழுவதையும் சேர்த்துத்தான் அழிக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் இருக்கும் நல்ல தகவல்களை முதலில் வேறு காலி இடத்துக்கு மாற்றியாக வேண்டும். காலி இடம் இல்லாவிட்டால் அது திணறும், வேகம் குறையும். எப்போதும் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருப்பது நல்லது.

ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். 500 ஜி.பி. என்று வாங்கி வந்து மாட்டினால், விண்டோஸ் 465 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? இல்லை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1,024, 1,024 ஆக எண்ணுகிறது. படியின் அளவு மாறினால் எண்ணிக்கையும் மாறும், அரிசி அதேதான்!

மூன்றாம் கேள்வி: என்ன விலை?

விலை அடிக்கடி ஏறி இறங்கும். ஆகவே கணக்குக்கு மட்டும் வட்ட எண்கள் வைத்துக்கொள்வோம். 250 ஜி.பி. 2,000 ரூபாய். 500 ஜி.பி. 3,000 ரூபாய். 1,000 ஜி.பி. 5,000 ரூபாய். ஒரு ஜி.பி.க்கு என்ன விலை? வகுத்துப் பாருங்கள். 8 ரூபாய், 6 ரூபாய், 5 ரூபாய்.

"பெரிசுதான் மலிவு!" என்று குதித்தான் பேரன்.

வகுத்தல் சரி. ஆனால் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் மலிவு என்று மூட்டை மூட்டையாக அரிசி வாங்கினால், பாதியை வண்டுதானே தின்னும்? நமக்குத் தேவை 260. ஆகவே 250 பற்றாது, 1,000 மிகை. 500 தான் சரி. மிச்சம் 2,000 ரூபாய் அக்காவின் கட்டணத்துக்கு!

ஒரே அளவுள்ள இரண்டு எஸ்.எஸ்.டி.யில் ஒன்று மட்டும் ஏன் மலிவு? இதற்கும் காரணம் உண்டு. ஒவ்வோர் அறையையும் ஒரு குடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 'டி.எல்.சி.' வகையில் ஒரு குடத்தில் 8 விதமான நீர்மட்டங்களைப் பிரித்தறிய வேண்டும். 'கியூ.எல்.சி.' வகையில் 16 மட்டங்கள். மட்டம் கூடினால் அதே குடத்தில் அதிகத் தகவல் அடங்கும், விலை குறையும். ஆனால் அளந்து எழுத நேரம் பிடிக்கும், தேய்மானமும் அதிகம்.

தேய்மானம் என்றதும் பயப்பட வேண்டாம். பல 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி.களுக்கு 300 டி.பி., அதாவது 3,00,000 ஜி.பி. வரை எழுதலாம் என்று தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். தினம் 20 ஜி.பி. எழுதினால் 15,000 நாள். ஆண்டுக் கணக்கில் 41! அதற்குள் என் பேரனுக்கே பேரன் வந்தாலும் வந்துவிடுவான்.

நான்காம் கேள்வி

மூன்று கேள்விக்கும் விடை கிடைத்ததும் பேரன் நோட்டை மூடப் போனான். "இரு, இன்னும் ஒரு கேள்வி இருக்கு" என்றேன். இது எந்த அட்டைப் பெட்டியிலும் அச்சாகாத கேள்வி.

என் அம்மா நன்றாகப் பாடுவார். கடைசிக் காலத்தில் அவர் பாடிய 14 தாலாட்டுப் பாட்டுகளைச் செல்போனில் பதிவு செய்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, போனில் இருந்ததை அழித்தேன். அம்மா காலமான மறு ஆண்டு, ஓடிக்கொண்டிருந்த அந்த டிஸ்க் என் கை தவறி மேஜையிலிருந்து கீழே விழுந்தது.

ஹார்ட் டிஸ்க்கில் தட்டுக்கும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி, தலைமுடியின் கனத்தில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஒரே அதிர்ச்சியில் கை தட்டைக் கீறிவிட்டது. டக், டக் என்று சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

"எஸ்.எஸ்.டி.யா இருந்தா தப்பிச்சிருக்குமா ஆச்சி?" என்று மெதுவாகக் கேட்டான்.

விழுந்ததிலிருந்து தப்பியிருக்கலாம். ஆனால் எஸ்.எஸ்.டி.யும் ஒருநாள் சத்தமே இல்லாமல் நின்றுவிடலாம். மின்சாரம் கொடுக்காமல் பல ஆண்டு பீரோவில் போட்டு வைத்தால், அறைகளில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசிந்துவிடவும் கூடும். திருடு போகலாம், வைரஸ் வரலாம், நாமே தவறாக அழிக்கலாம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், ஒரே இடத்தில் இருப்பது ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

அம்மாவின் 14 பாட்டில் இன்று என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அது எப்படித் தப்பியது? "எனக்கும் ஒண்ணு அனுப்புக்கா" என்று என் தங்கை முன்பே கேட்டு வாங்கியிருந்தாள். அவள் கேட்டதால் அது பிழைத்தது.

மறுநாள் கடைக்குப் போய் 500 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்கினோம். இப்போது எங்கள் பெட்டி அரை நிமிடத்துக்குள் தயார்! கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடவில்லை. ஒரு கேஸில் போட்டு இரண்டாவது பிரதிக்கு வைத்துக்கொண்டோம். அதுவும் வயதானது என்பதால், மிக முக்கியமானவை மூன்றாவதாகத் தங்கை வீட்டிலும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைதோறும் பிரதி எடுப்பது பேரனின் பொறுப்பு.

கடைக்குப் போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்

1. நம் கம்ப்யூட்டரில் எந்த வகையைச் செருக இடம் இருக்கிறது?
2. இப்போது எத்தனை ஜி.பி. வைத்திருக்கிறோம்? அதன் இரண்டு மடங்கு எவ்வளவு?
3. ஒரு ஜி.பி.க்கு என்ன விலை? அவ்வளவு இடம் நமக்குத் தேவையா?
4. எத்தனை ஆண்டு உத்தரவாதம்? பில் உண்டா? நம்ப முடியாத மலிவு என்றால் போலியாக இருக்கலாம்.
5. இரண்டாவது பிரதி எங்கே இருக்கும்?

வீட்டுப்பாடம்

இந்த வாரம் அப்பா, அம்மாவிடம் கேளுங்கள். நம் வீட்டில் தொலைந்துபோனால் திரும்பக் கிடைக்காத படம் எது, குரல் எது? அதற்கு இன்னொரு பிரதி இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே ஒன்று எடுத்துவிடுங்கள். இதற்கு நான் மதிப்பெண் போட மாட்டேன். பல ஆண்டு கழித்து நீங்களே போட்டுக்கொள்வீர்கள்!