கடைசி மேஜை ஆட்டம்

ரேட்டிங் செஸ் போட்டிகளில் கூட்டமெல்லாம் முதல் மேஜையைச் சுற்றியே நிற்கும். எனக்குக் கடைசி வரிசைதான் பிடிக்கும். ஆரணியில் பட்டுத்தறியை விட்டு இறங்கி, விடியற்காலை பஸ் பிடித்து வரும் நெசவாளிக்கு எதிரே ஏழாம் வகுப்புச் சிறுமி உட்காரக்கூடிய இடம் அது. கை குலுக்கியதும் வயது மறைந்துவிடும். ஆளுக்கு ஒன்றரை மணி நேரம், நகர்த்தலுக்கு 30 நொடி கூடுதல் என்றால், கடைசிவரை ஒவ்வொரு நகர்த்தலையும் எழுதியாக வேண்டும். நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்தவருக்கு இந்த நெடுநேரம் பெரிதல்ல.

இப்படி ஒரு முடிவாட்டம் வருகிறது என்று வையுங்கள். அவரிடம் ராஜா, யானை, ஒரு சிப்பாய். அவளிடம் ராஜாவும் யானையும் மட்டும். அவர் ஜெயித்துவிடுவார் என்றே பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அவளோ சிப்பாயின் வழியில் ராஜாவை நிறுத்தி, யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாம் வரிசையில் வைக்கிறாள். அவர் ராஜாவால் அதைத் தாண்ட முடியாது. வேறு வழியின்றிச் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளியதும், யானை அவர் பக்கத்துக் கடைக்கோடிக்கு ஓடிப் பின்னாலிருந்து செக் மேல் செக் கொடுக்கும். ராஜா ஒளிய இடமில்லை. டிரா. பிரெஞ்சுக்காரர் பிலிடார் 1777-இல் காட்டிய தற்காப்பு இது. எங்கள் ஊர் ஆட்டக்காரர்கள் முதலில் கற்க வேண்டியதும் இதுதான். ஆனால் எல்லாரும் தொடக்க நகர்த்தல்களையே மனப்பாடம் செய்கிறார்கள்!

நம் வீடுகளில் முன்பு வேறு விதி இருந்தது: சிப்பாய் முதலடியிலும் ஒரு கட்டம்தான், ராஜா ஒரு தடவை குதிரை போலத் தாவலாம். அதிலிருந்து சர்வதேச விதிகளுக்கு நம்மை அழைத்து வந்தவர்களில் முக்கியமானவர் மானுவல் ஆரோன். 1961-இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். தேசியப் பட்டம் ஒன்பது முறை. அவர் 1972-இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் தொடங்கிய தால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகினார். 1988-இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அந்த கிளப்பில் பெரியவர்களும் சிறுவர்களும் ஒரே பலகையில் மோதினார்கள்.

கடைசி மேஜையில் இன்றும் அது நடக்கிறது. ஆட்டம் முடிந்ததும் "இதை எங்கம்மா கத்துக்கிட்ட?" என்று அவர் கேட்பார். "யானை மூணாவது வரிசையில இருந்தா உங்க ராஜா ஏற முடியாது அங்கிள்" என்று அவள் காய்களை அடுக்கத் தொடங்குவாள். அதற்குள் அடுத்த சுற்றுக்கு மேஜை வேண்டும் என்று எழுப்பிவிடுவார்கள். போட்டி நடத்துகிறவர்களிடம் கேட்பது ஒன்றே: மண்டபத்துக்கு வெளியே நான்கு பலகைகளும் எட்டு நாற்காலிகளும் போட்டு வையுங்கள்.