ஆறு வளர்க்கும் காடு

ஆற்று வெள்ளம் கரையை அரித்து, முதிர்ந்த மரங்களை வேரோடு சாய்க்கிறது. இதைக் காணும்போது, ஆறு காட்டுக்குப் பகை என்றே தோன்றும். ஆனால், புதிய காடு பிறப்பதற்கு வேண்டிய நிலத்தைத் தருவதும் அதே ஆறுதான். எப்படி?

ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரையில் நீரின் வேகம் அதிகம்; அங்கே மண் அரிக்கப்படுகிறது. உட்கரையில் வேகம் குறைவு. ஆறு சுமந்து வந்த மணலும் வண்டலும் அங்கே படிகின்றன. ஒரு கரை தேய, மறு கரை வளர, ஆறு மெல்ல மெல்ல இடம் பெயர்கிறது.

வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், ஆற்றங்கரைகளில் 'காட்டன்வுட்' என்னும் பாப்லர் இன மரங்கள் வளர்கின்றன. பஞ்சிழை கொண்ட இவற்றின் நுண்ணிய விதைகள் காற்றிலும் நீரிலும் பரவும். விதையின் ஆயுள் ஓரிரு வாரமே. தாய்மரத்தின் நிழலில் இவை வளர்வதில்லை. வெயில் படும், ஈரமுள்ள வெற்று மண் வேண்டும். மலைப்பனி உருகிப் பெருகிய வெள்ளம் வடியத் தொடங்கும்போது விதைகள் பறக்கின்றன. வெள்ளம் விட்டுச்சென்ற புதுமணலே அவற்றுக்கு நாற்றங்கால்! இதனால்தான் நீரோரத்தில் இளங்கன்றுகளும், விலகிச் செல்லச் செல்ல முதிர்ந்த மரங்களும் வரிசை வரிசையாக நிற்கின்றன.

ஆனால் ஓர் ஆபத்து உண்டு. ஆறு வடிய வடிய, மணலுக்கு அடியிலுள்ள நீர்மட்டமும் இறங்கும். நாளொன்றுக்குச் சுமார் 2.5 செ.மீ. வரை இறங்கினால், கன்றின் வேர் அதைப் பின்தொடர்ந்து நீண்டு பிழைத்துக்கொள்ளும். மிக விரைவாக இறங்கினாலோ, கன்று கருகிவிடும்.

அணைகள் வெள்ளத்தைத் தடுத்து, நீரைச் சட்டென்று குறைத்துவிடும்போது நேர்வது இதுவே. முதிய மரங்கள் நிற்கும். அவற்றின் இடத்தை நிரப்ப இளமரங்கள் இரா.

அமெரிக்காவின் டிரக்கி ஆறு, டாஹோ ஏரியில் புறப்பட்டு, நெவாடா மாநிலத்தின் பிரமிட் ஏரியில் முடிகிறது. 1905-இல் டெர்பி அணை கட்டப்பட்டு, அதன் நீர் பாசனத்துக்குத் திருப்பப்பட்டது. ஆற்றங்கரைக் காடு நலிந்தது. பிரமிட் ஏரிக்கே உரிய 'குவீ-வீ' மீனும் அருகிப்போயிற்று. அந்த மீன் ஆற்றில் ஏறி முட்டையிடுவதற்காக, 1980-களில் வசந்த காலத்தில் அணைநீரைத் திறந்துவிட்டனர். 1987-இல் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது: கரையோரத்தில் காட்டன்வுட் கன்றுகளும் வில்லோ கன்றுகளும் துளிர்த்தன! மீனுக்காக விட்ட நீர் காட்டையும் எழுப்பியது. பின்னர், மரங்களையும் கருத்தில் கொண்டே நீரைத் திறக்கலாயினர்.

மாணவர்களே! மதகை எவ்வளவு திறப்பது என்பது மட்டுமன்று, எப்போது திறப்பது, எவ்வளவு மெதுவாக மூடுவது என்பதும் ஒரு காட்டின் வாழ்வை முடிவு செய்கிறது.