நீரும் கரியும் கதிரவனும்

மகாவலி கங்கை மலைநாட்டிலே பிறந்து, 335 கிலோமீற்றர் தூரம் நடந்து, திருகோணமலை மாவட்டத்திலே கடலோடு கலக்கின்றது. அதன் கிளையாகிய வெருகலாறு ஈச்சிலம்பற்றுக்குத் தெற்கே ஓடிக் கடலை அடைகின்றது. வெருகற் சித்திரவேலாயுதர் கோயிலின் தீர்த்த விழாவும் அந்த ஆற்றிலேயே நிகழ்கின்றது. அங்கே அடியார்கள் மூழ்கியெழும் நீர், கொத்மலையிலும் விக்டோரியாவிலும் ரந்தெனிகலையிலும் மின்பொறிகளைச் சுழற்றிவிட்டு வந்த நீர் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

இலங்கையின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று 1918 ஆம் ஆண்டிலேயே கட்டுரை படைத்தவர் பொறியியலாளர் விமலசுரேந்திரா. அவர் கண்ட கனவு லக்சபானாவிலே நனவாக 1950 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மின் விநியோகத்தைப் பொறுப்பேற்க இலங்கை மின்சார சபை 1969 நவம்பர் 1 ஆம் நாள் தோன்றியது. பின்னர் மகாவலித் திட்டம் வந்தது. 1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணை 122 மீற்றர் உயரமுடையது. அதன் மின்னிலையம் 210 மெகாவாற்று ஆற்றலுள்ளது. புகையில்லாத மின்சாரம் நமக்குப் புதியதன்று. ஒருகாலத்தில் நாட்டின் மின்சாரத்தில் மிகப் பெரும் பங்கை நீரே தந்தது.

ஆனால், மழை பொய்த்தால் நீர் என் செய்யும்? நீர்த்தேக்கம் வற்றினால் மின்பொறியும் ஓயும், வயலும் காயும். நாட்டின் தேவையோ ஆண்டுதோறும் வளர்ந்தது. அதனால் எண்ணெயையும் நிலக்கரியையும் வெளிநாட்டிலிருந்து வாங்கி எரிக்கத் தொடங்கினோம். நுரைச்சோலையில் 2011 இல் இயங்கத் தொடங்கிய அனல் மின்னிலையம் 2014 இல் 900 மெகாவாற்றாக வளர்ந்தது. நாட்டின் இருளைப் போக்க அது பேருதவி புரிந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், எரித்த கரியின் புகையும் சாம்பலும் அயலூர்களுக்கே பங்காகின்றன.

இனி, நமது கரைக்கு வருவோம். 2006 ஆம் ஆண்டிலே இப்பகுதியிற் போர் மூண்டது. மாவிலாற்று மதகு மூடப்பட்டமை அதற்கு ஒரு காரணமாயிற்று. ஈச்சிலம்பற்று, மூதூர், சம்பூர் மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினர். ஈச்சிலம்பற்றார் பலர் அடுத்த ஆண்டிலே திரும்பினர். சம்பூர் மக்களுக்கோ அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அவர்கள் முகாம்களிலே தங்கியிருந்த அதே 2006 டிசம்பரில், திருகோணமலையில் 500 மெகாவாற்று அனல் மின்னிலையம் அமைப்பதற்கு இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல் மின் கழகமும் உடன்பட்டன. அதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட இடம் சம்பூர். நிலத்துக்குரியவர் ஊரிலே இல்லாதபோது நிலத்தின் விதி எழுதப்பட்டது!

கொட்டியாரக் குடாவிலே மீன் பிடித்தும் வயல் செய்தும் வாழ்பவர்கள், 2015 இல் ஊர் திரும்பத் தொடங்கியபின் கரியை எதிர்த்துக் குரல் எழுப்பினர். சூழலியல் ஆர்வலர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினர். சம்பூரில் நிலக்கரி மின்னிலையம் அமையாது என்று 2016 செப்டெம்பரில் அரசு நீதிமன்றுக்கு அறிவித்தது.

அதன்பின் கதிரவனின் முறை வந்தது. 2022 மார்ச்சில், எண்ணெய் வாங்கப் பணமின்றி நாடு நாளொன்றுக்குப் 13 மணித்தியால இருளிலே மூழ்கிய அதே மாதத்தில், சம்பூரிலே சூரிய மின்னிலையம் அமைப்பதற்கான உடன்பாடு கைச்சாத்தாயிற்று. 2025 ஏப்ரில் 5 ஆம் நாள் இரு நாட்டுத் தலைவர்களும் 120 மெகாவாற்றுத் திட்டத்தின் பணியைத் தொடக்கி வைத்தனர். கரிக்கு உடன்பட்ட அதே இரு நிறுவனங்களே இதற்கும் பங்காளிகளாயின.

மகிழத்தக்க மாற்றமே. ஆயினும், ஓர் உண்மையை நாம் மறைத்தலாகாது. சூரியத் தகடுகள் இரவில் உறங்கும். பகலிலும் முகில் வந்தால் தளரும். ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால், அவை தரும் மின்சாரம் அவற்றின் முழு ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் அல்லது ஆறில் ஒரு பங்கே. நம் வீடுகளுக்கோ மாலை விளக்கேற்றும் நேரத்திலேதான் மின்சாரம் மிகுதியாக வேண்டும். 2025 பெப்ரவரி 9 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறைத் துணைமின்னிலையத்திலே குரங்கொன்றால் நேர்ந்த பழுது நாடு முழுவதையும் இருட்டாக்கியது. தேவை குறைந்தும் சூரிய மின்சாரம் மிகுந்தும் இருந்த வேளையாதலால், மின்வலையமைப்பு அந்த அதிர்ச்சியைத் தாங்கவில்லை. சம்பூரிலே பணி தொடங்கிய சில நாளிற் புத்தாண்டு விடுமுறை வந்தது. கூரையிலே சூரியத் தகடு பொருத்தியோரைப் பகலில் அவற்றை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை வேண்டிக்கொண்டது. மின்சாரம் இல்லையென்று வருந்திய நாடு, மூன்றாண்டுக்குள் அது மிகுந்துவிட்டதென்று வருந்தியது!

ஆகவே, மின்சாரத்தை உண்டாக்குவது பாதி வேலையே. மிகுந்ததை மின்கலத் தொகுதிகளிலே சேமித்தல் வேண்டும். அல்லது அதனைக் கொண்டு நீரை மேலேற்றி, இரவிலே விழச் செய்து மின்னாக்கல் வேண்டும். கதிரவனும் நீரும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும் வழி இது. பயன்படுத்துவோருக்கும் இதிற் பங்குண்டு. கிணற்று நீரை நண்பகலில் இறைப்பதும், மீனவருக்கு வேண்டிய பனிக்கட்டியைப் பகலிலே உறையச் செய்து வைப்பதும் சிறு காரியங்களல்ல. ஊர் முழுவதும் அவ்வாறு செய்தால் மாலைச் சுமை பெரிதும் குறையும். ஆசிரியர்கள் இதைக் கணக்குப் பாடமாகவே கற்பிக்கலாம்.

இறுதியாக ஒன்று. சம்பூரில் விளையும் மின்சாரம் தேசிய மின்வலையமைப்பிலே சேர்ந்து தொலைவிலுள்ள நகரங்களுக்கும் போகும், போகட்டும். மலைநாட்டு நீர் நமக்கு வந்ததுபோல நமது வெயிலும் பிறருக்கு உதவுவது நியாயமே. ஆனால், பத்தாண்டு அலைந்து மீண்ட மக்களுடைய நிலத்தின் மேல் எழும் ஒளி, அவர்களைக் கேட்டு எழுதல் வேண்டும். மேய்ச்சல் நிலம் எது, கோயில் வழி எது, குளத்துக்கு நீர் ஓடும் வாய்க்கால் எது என்பதை அவர்களே அறிவர். அங்கே எழும் வேலைவாய்ப்பில் அவர்களுடைய பிள்ளைகளுக்கு முதலிடம் கிடைத்தல் வேண்டும். புகை இல்லாமை மாத்திரம் தூய்மையாகாது. 2006 இல் கேளாமல் விட்ட கேள்வியை இப்பொழுதாவது அவர்களிடம் கேட்போமாக.