முதுமலையும் மகப்பேற்றுத் தெய்வமும்: திருமுதுகுன்றம், தாய்ஷான் ஓர் ஒப்பீடு

கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் இன்று பீங்கான் தொழிலால் அறியப்படும் ஊர். தேவாரம் பாடிய மூவர்க்கும் அது திருமுதுகுன்றம். குன்றென்னும் பெயருக்கேற்ற உயரம் அங்கு இல்லை. பிற மலைகள் தோன்றுமுன் சிவபெருமானே மலையாய் நின்றார் என்பது தலமரபு. எனவே இங்கு மலையின் பெருமை அளவால் அன்று, முதுமையால் அமைகிறது. இறைவியின் பெயர்களும் விருத்தாம்பிகை, பெரியநாயகி என இம்முதுமையையே சுட்டுகின்றன.

இப்பெயரை ஒட்டி எழுந்த குருநமசிவாயர் கதை குறிப்பிடத்தக்கது. திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரம் செல்லும் வழியில் இங்குத் தங்கிய அவர், அம்மையை முதியவளாகப் பாடிச் சோறு வேண்டினார். கிழவியால் சோறு கொண்டுவர இயலுமோ என்று கேட்டு அம்மை முதியவளாய் வந்தாள். இளமை தோன்றப் பாடிய பின்னரே இளநங்கையாய் அமுது அளித்தாள். கோயிலில் உள்ள பாலாம்பிகை சந்நிதியை இக்கதையோடு இணைப்பர்.

சீனத்து ஷாண்டொங் மாநிலத்தின் தாய்ஷான் மலைத் தெய்வமும் இவ்விரு வயதுகளைத் தாங்கியவள். (‘தாய்ஷான்’ என்பதன் முதற்சொல் தமிழ்த் ‘தாய்’ அன்று. ஒலியொப்புமையை வேரொப்புமையாகக் கொள்வதால் விளைந்த குழப்பங்கள் போதும்.) 1008ஆம் ஆண்டில் சொங் பேரரசர் ஜென்சொங் அம்மலையில் வேள்வி செய்தபோது, உச்சிச் சுனையருகே சிதைந்திருந்த ‘பச்சைமணிக் கன்னி’யின் கற்படிமத்தைப் புதுப்பித்தார் என்பர். அக்கன்னியே பிற்காலத் தாவோ நெறியில் பிஷியா யுவான்ஜுன், அதாவது நீலமணி முகில்களின் தலைவி, ஆனாள். மக்களோ அவளைத் ‘தாய்ஷான் பாட்டி’ என்றே அழைக்கின்றனர். மலையரசனின் மகள் என ஒரு மரபும் உண்டு. இமவான் மகளை அறிந்த தமிழர்க்கு இது புதிதன்று.

வேறுபாடு இதன்பின் தொடங்குகிறது. பேரரசர்கள் வணங்கியது ஆண் மலைத்தெய்வத்தை. மிங், சிங் காலங்களில் மகப்பேறு வேண்டிய பெண்கள் திரண்டு நாடியது பிஷியாவை. மகளிர் மலையேறுவதைக் கன்பூசிய அறிஞர் பலர் பழித்தும் கூட்டம் குறையவில்லை. மலையரசன் பின்தள்ளப்பட்டான் எனலாம். திருச்சிராப்பள்ளிக் குன்றிலோ ஆண் தெய்வம் விலகவில்லை. காவிரி வெள்ளத்தால் தாய் வர இயலாதபோது, பேறுகால வேதனையிலிருந்த இரத்தினாவதிக்குச் சிவனே அவள் தாய் வடிவில் வந்து மருத்துவம் பார்த்துத் தாயுமானவர் ஆனார். பெண்ணின் பேறுகால அச்சம் இரு நிலத்திலும் ஒன்றே. சீனத்தில் அது தெய்வத்தை மாற்றியது, தமிழகத்தில் தெய்வத்தின் உருவை மாற்றியது. பெரியநாயகியைப் பேற்றுத் தெய்வமாக மட்டும் சுருக்குவது பொருந்தாது; அவள் முதன்மையாகச் சோறளித்த அன்னை. கருக்காக்கும் தொழிலைத் தமிழ்மரபு திருக்கருகாவூர் அம்மைக்கு வெளிப்படையாக உரியதாக்கியுள்ளது.

களிமண் தொழில் வளர்ந்த விருத்தாசலத்தை முன்வைத்து இவ்வொப்பீட்டைச் செய்கையில் மண்பாவையை விடமுடியாது. வடசீனத்தில் மகப்பேறு வேண்டுவோர் தேவி கோயிலில் உள்ள மண்குழந்தை ஒன்றைச் செந்நூலால் கட்டி வீட்டுக்குக் கொண்டுசெல்வர். தமிழ்நாட்டு ஐயனார் கோயில்களில் பிள்ளை பிறந்தபின் மண்பிள்ளையைச் செய்து வைப்பர். அங்குப் பாவை பேற்றுக்கு முன் கோயிலிலிருந்து வெளியேறுகிறது. இங்குப் பேற்றுக்குப் பின் கோயிலுக்குள் நுழைகிறது. ஒன்று கடன் வாங்குதல், மற்றொன்று கடன் தீர்த்தல். தமிழில் ‘நேர்த்திக்கடன்’ என்னும் சொல்லே இதற்குச் சான்று. பிள்ளை வேண்டி மரத்தில் தொட்டில் கட்டும் வழக்கம் மட்டும் சீன முறைக்கு அணுக்கமாக நிற்கிறது. அத்தொட்டிலும் வெறுமையாகவே தொங்குகிறது.