கடலோரம் போகையில் கையில் ஒரு தொடர்கதை

கோடை விடுமுறையில் திருச்செந்தூருக்கோ தரங்கம்பாடிக்கோ கிளம்பும்போது பைக்குள் ஒரு புத்தகத்தைச் செருகிக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பெரும்பாலும் அது வருஷம் முழுக்கப் படிக்க நேரமில்லாமல் தள்ளிப்போட்ட கனமான புத்தகமாக இருக்கும். மூன்று நாளில் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு பயணப்படும் அந்தப் புத்தகம், பத்தாம் பக்கத்தைத் தாண்டாமல் ஊர் திரும்பும். புத்தகத்தின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைக் கொண்டுபோன இடம்தான் பொருத்தமில்லை.

நம் கடற்கரைகளில் வெயிலில் துண்டு விரித்துப் படுத்தபடி யாரும் படிப்பதில்லை. காலையில் எட்டு, எட்டரை வரை மணலில் உட்கார முடியும். அப்புறம் சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான். கிழக்குக் கரையில் நண்பகல் வாக்கில் கடற்காற்று ஏறிவிட்டால் பக்கத்தைப் பிடித்து வைப்பதே வேலையாகிவிடும். நடுப்பகல் லாட்ஜ் வராந்தாவிலோ சவுக்குத் தோப்பு நிழலிலோ கழியும். அங்கேயும் சுண்டல்காரர் வருவார், சங்கு மாலை விற்கும் அம்மா வருவார், பிள்ளைகள் ஈரக்காலோடு ஓடிவந்து தண்ணீர் கேட்பார்கள். எல்லோரும் அலையில் கால் நனைக்கப் போகும்போது செருப்புக்கும் பைக்கும் காவலாக ஒருவர் உட்கார வேண்டும். கடற்கரையில் உண்மையாகவே படிக்கிற ஆள் அவர்தான்.

அவருக்கு எந்தப் புத்தகம் கொடுக்கலாம்? ஐந்து நிமிஷம் கிடைத்தாலும் அந்த ஐந்து நிமிஷத்துக்கு எதையாவது தருவதாக இருக்க வேண்டும். மூடி வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பிரித்தாலும் கதை விட்ட இடத்தில் காத்திருக்க வேண்டும். இந்த இரண்டும் அமைந்த ஒரு வடிவத்தைத் தமிழ் வாரப் பத்திரிகைகள் பல பத்தாண்டுகளாக வளர்த்துவைத்திருக்கின்றன. தொடர்கதை.

தொடர்கதை எழுதியவருக்கு வாரத்துக்குக் கிடைத்தது சில பக்கங்கள். அதற்குள் கதை ஓரடியாவது நகர வேண்டும். போன வாரத்துச் சங்கதியை மறந்துபோனவருக்கும் புரிய வேண்டும். அடுத்த இதழ் எப்போது வரும் என்று கேட்க வைத்து முடிய வேண்டும். படித்தவர்களும் சந்தடியில்லாத அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தவர்கள் இல்லை. சமையலுக்கு நடுவில் படித்தார்கள், ரயிலில் படித்தார்கள், ஒருவர் வாசிக்க வீடே உட்கார்ந்து கேட்டது. இடையூறுகளுக்கு நடுவே படிப்பதற்கென்றே உருவான எழுத்து அது. கடற்கரைக்கு அதைவிடப் பொருத்தமானது வேறு இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கல்கியின் 'பொன்னியின் செல்வ'னிலிருந்தே தொடங்கலாம். 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் மணியம் ஓவியங்களோடு வந்த கதை. ஐந்து பாகத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டாம். புதிதாகப் படிப்பவர் முதல் பாகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். ஏற்கெனவே படித்தவருக்கு நான் சொல்வது இரண்டாம் பாகமான 'சுழற்காற்று'. அதன் முதல் அத்தியாயமே கோடிக்கரையில் தொடங்குகிறது. அந்தி நேரம், அலை அடங்கிய கடல், படகில் தனியாக ஒரு பெண். பூங்குழலியை அங்கேதான் முதன்முதலில் பார்க்கிறோம். வந்தியத்தேவன் அவளைத் துரத்திக்கொண்டு ஓடிச் சேற்றுப் பள்ளத்தில் சிக்குவதும், அவளே அவனைக் கரையேற்றுவதும் அடுத்து வருகின்றன. அத்தியாயத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தால் நம் முன்னாலும் அதே கடல். கோடியக்கரையில் சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று காட்டிவந்த பழைய இடிபாடு 2004 சுனாமியில் போய்விட்டது. சதுப்பும் காடும் இன்னும் இருக்கின்றன. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் மலிவுப் பதிப்புகளுக்கும் குறைவில்லை.

சாண்டில்யனையும் விட மனமில்லை. 'யவன ராணி' புகார்க் கடற்கரையில்தான் தொடங்குகிறது. 'கடல் புறா' மூன்று பாகங்களும் கப்பலிலும் துறைமுகத்திலுமாக ஓடுகின்றன. பெண்களைப் பற்றிய வருணனைகள் பக்கக் கணக்கில் நீளும். அவற்றைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம், கதை அறுபடாது. ஆனால் பாய்மரம், காற்றின் போக்கு, கப்பல்கள் மோதும் தந்திரம் என்று அவர் இறங்கிவிட்டால் பக்கங்கள் தானாகப் புரளும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் தண்ணீரில் நிற்கும்போது அவர்களைக் கவனிக்கும் பொறுப்பு உங்களுடையது என்றால் விறுவிறுப்பான கதையைத் தொடாதீர்கள். சுஜாதாவின் 'கொலையுதிர் கால'த்தில் கணேஷும் வசந்தும் அந்தப் பழைய பங்களாவுக்குள் நுழைந்த பிறகு தலை நிமிராது. நம் கரைகளில் பல இடங்களில் அலை இழுப்பு பொல்லாதது. கண் கடலில்தான் இருக்க வேண்டும். அந்த நாவலை இரவு அறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரையில் காவல் இருக்கும்போது நாலு வரி படித்து, பார்த்து, சிரித்து, மறுபடி பார்க்கிற மாதிரி ஏதாவது வேண்டும். தேவன் 'துப்பறியும் சாம்பு'வை அதற்காகவே எழுதினாரோ என்று தோன்றும். அசடு என்று ஊரே முத்திரை குத்திய சாம்பு, தற்செயலாகவே ஒவ்வொரு வழக்கையும் துலக்கிப் பேர் வாங்கும்போது, எந்தப் பக்கத்தில் மூடினாலும் நஷ்டமில்லை. சுஜாதாவிலேயே 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' இந்த ரகம். ஒவ்வொன்றும் தனிக்கதை, எல்லாம் ஒரே ஊர். ஈழத்தில் கொக்குவிலில் பிறந்து பல நாடுகளில் வேலை பார்த்து இப்போது கனடாவில் இருக்கும் அ. முத்துலிங்கத்தின் 'உண்மை கலந்த நாட்குறிப்புக'ளையும் எந்த அத்தியாயத்திலிருந்தும் பிடிக்கலாம். சின்னச் சின்ன மனிதர்களை அவர் பார்க்கும் பார்வையில் ஒரு வெளிச்சம் இருக்கிறது. விடுமுறை மனசுக்கு அது நன்றாகப் பிடிக்கும்.

கடலோரம் போகிறோம், கடல் நாவலே படிப்போம் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் யோசித்து எடுக்க வேண்டும். ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) பரதவர் வாழ்க்கையை மூன்று தலைமுறைக்குச் சொல்லும் பெரும் படைப்பு. ஐநூறு பக்கத்துக்கு மேல், வட்டார மொழி, நிறைய சாவுகள். ஊர் திரும்பிய பிறகு நிதானமாக உட்கார்ந்து படிக்க வேண்டிய புத்தகம் அது. அதற்குப் பதிலாக வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) எடுத்துக்கொள்ளுங்கள். மெலிந்த நாவல், இரண்டு மாலைகளில் முடிந்துவிடும். மணப்பாட்டுக் கரைதான் களம். தன் வல்லப் படகை விட மனமில்லாத குரூஸ் மிக்கேல், அவர் மகள் பிலோமி, வல்லக்காரர்களுக்கும் லாஞ்சிக்காரர்களுக்கும் மூளும் பகை. துயரமான கதைதான், ஆனால் மனசைக் கசக்கிப் போடாது. மனுஷர்கள் மேல் பிரியம் கூடும். திருச்செந்தூர் போகிறவர்களுக்கு மணப்பாடு எட்டிவிடும் தூரம். குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயிலும் கீழே கட்டுமரங்களும் இருக்கும் அந்தக் கரையில் இந்த நாவலைப் படிக்க வாய்த்தால் விட்டுவிடாதீர்கள். நாம் பொழுதுபோக்க வந்த மணல் இன்னொருவருடைய தொழிற்களம் என்பது மனசில் இருந்தால், காய வைத்த வலையை மிதிக்க மாட்டோம்.

பிள்ளைகளுக்கு? சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸில் கிளம்பிய இரும்புக்கை மாயாவியை இன்றைக்குக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறார்கள். பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கும் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர் மாத நாவல்களையும் குறைத்துப் பேச வேண்டாம். போகும் வழியில் வாங்கி, ஒரே மூச்சில் படித்து, பக்கத்து அறைக்காரருக்குக் கொடுத்துவிட்டு வரலாம்.

அந்த மாத நாவலின் பழுப்புத் தாளுக்கு வேறொரு நன்மையும் உண்டு. வெயிலில் கண் கூசாது. வழவழப்பான வெள்ளைத் தாள் புத்தகம் மணலில் கண்ணாடியாக மின்னும். கைபேசித் திரை பகலில் தெரியவே தெரியாது; கிண்டில் மாதிரிக் கருவி என்றால் தெரியும், மதுரைத் திட்ட இணையத் தளத்தில் கல்கியை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பசை வைத்து ஒட்டிய புத்தகத்தைச் சுடுமணலில் போட்டால் பசை இளகிப் பக்கம் கழன்றுவரும். தைத்த கட்டு தாங்கும். வாங்கும்போதே முதுகைக் கொஞ்சம் விரித்துப் பார்த்தால் நூல் தெரியும்.

சிரிக்கவும் திடுக்கிடவும் மட்டுமே உதவுகிற புத்தகத்தை விடுமுறையில் படிப்பதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. அப்படிப் படித்த வாரத் தொடர்களிலிருந்துதான் தமிழில் பல தலைமுறை வாசகர்கள் உருவானார்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போய், இங்கே சொன்னவற்றில் நாலைந்தை எடுத்து முதல் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். எது இரண்டாம் அத்தியாயத்துக்கு இழுக்கிறதோ அதைக் கடையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். நூலகப் பிரதியை மட்டும் கடற்கரைக்குக் கொண்டுபோகாதீர்கள். அடுத்தவர் கைக்குப் போக வேண்டிய புத்தகத்தில் உப்புக் காற்றும் மணலும் படக் கூடாது.