வால்பாறை மழைக்காடுகளின் மீளமைப்பு

வால்பாறை மழைக்காடுகளின் மீளமைப்பு என்பது, கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஆனைமலைத் தொடரில் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு இடையே சீரழிந்து எஞ்சியிருக்கும் காடுகளை அந்த மண்ணுக்கே உரிய மரங்களைக் கொண்டு மீட்கும் பணியைக் குறிக்கும். நேச்சர் கன்சர்வேசன் பவுண்டேசன் என்ற ஆய்வு நிறுவனம் 2000-களின் தொடக்கத்திலிருந்து தோட்ட நிறுவனங்களின் ஒத்துழைப்புடன் இதனைச் செய்து வருகிறது. சூழலியலாளர்கள் திவ்யா முத்தப்பா, டி. ஆர். சங்கர் ராமன் ஆகியோர் இப்பணியை முன்னெடுத்தவர்கள். மரம் நடுவதும் காட்டை மீட்பதும் ஒன்றல்ல என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அமைவிடம்

வால்பாறை மேட்டுநிலம் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறா மழைக்காட்டுப் பகுதியைச் சேர்ந்த இதனைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகமும், கேரளத்தின் பரம்பிக்குளம், வாழச்சால் காடுகளும் உள்ளன. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்குள்ள காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டுத் தோட்டங்களாயின. செங்குத்தான சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும், விறகுக்காகவும் ஏலக்காய்ப் பயிருக்காகவும் விடப்பட்ட இடங்களிலும் காடு சிறு சிறு துண்டுகளாக எஞ்சியது. இவை துண்டுக்காடுகள் எனப்படுகின்றன. இவற்றுள் பல தனியார் தோட்டங்களுக்குள் உள்ளன.

சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கு, பெரிய இருவாச்சி, பழுப்பு மரநாய் போன்ற விலங்குகள் இத்துண்டுக்காடுகளில் இன்றும் வாழ்கின்றன. தோட்டங்களைக் கடந்து செல்லும் யானைகள் பகலில் இவற்றில்தான் ஒதுங்குகின்றன. துண்டுக்காடு அழிந்தால் யானைக்குத் தேயிலைச் செடிகளுக்கும் குடியிருப்புகளுக்கும் நடுவே மறைவிடம் இல்லாமல் போகும். ஆகவே காட்டின் நிலை தோட்டத் தொழிலாளர்களின் பாதுகாப்போடும் தொடர்புடையது.

காடு தானாக மீளாதது ஏன்?

வெட்டப்பட்ட காட்டை அப்படியே விட்டுவிட்டால் மீண்டும் வளர்ந்துவிடும் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. பெரிய காட்டை ஒட்டிய இடங்களில் இது ஓரளவு உண்மை. அங்கு பறவைகளும் விலங்குகளும் விதைகளைக் கொண்டு வருகின்றன. நாற்புறமும் தேயிலை சூழ்ந்த துண்டுக்காட்டில் மூன்று தடைகள் உள்ளன.

முதலாவது, விதை வந்து சேர்வதில்லை. மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதைகள் பெரியவை. அவற்றை விழுங்கியோ சுமந்தோ பரப்பும் இருவாச்சி, மரநாய் முதலியவை குறைந்த இடத்தில் அம்மரங்களும் பரவுவதில்லை.

இரண்டாவது, களைகளின் ஆதிக்கம். மரக்கவிகை திறந்து வெயில் தரையில் விழும் இடத்தில் உண்ணிச்செடி புதராக மண்டி, முளைக்கும் கன்றுகளை மூடிவிடுகிறது.

மூன்றாவது, தோட்டத்திலிருந்து நுழையும் அயல் தாவரங்கள். காப்பிப் பழங்களை உண்ணும் விலங்குகளின் எச்சத்தின் வழியே ரொபஸ்டா காப்பி துண்டுக்காடுகளுக்குள் பரவுகிறது. நிழலுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மரமான மீசோப்சிசும் இவ்வாறே பரவியுள்ளது.

மரத் தேர்வு

யூகலிப்டசு, சில்வர் ஓக் போன்ற ஆத்திரேலிய மரங்கள் விரைவாக வளர்ந்து பச்சைப் போர்வையைத் தந்துவிடும். ஆனால் மழைக்காட்டு விலங்குகளுக்குத் தேவையான பழங்களை அவை தருவதில்லை. எனவே அருகில் எஞ்சியுள்ள நல்ல காட்டில் அதே உயரத்தில், அதே அளவு மழை பெறும் இடத்தில் எந்த மரங்கள் வளர்கின்றன என்பதை முதலில் கணக்கெடுத்து, அவற்றையே நடுகின்றனர்.

ஒரே இனத்தை வரிசையாக நடாமல் பல இனங்களைக் கலந்து நடுவது இதன் முக்கிய விதி. வெயிலைத் தாங்கி விரைவில் வளரும் வட்டக்கண்ணி போன்ற முன்னோடி மரங்கள் திறந்த இடங்களில் நிழல் தருகின்றன. வெடிப்பலா, நாங்கு, கருங்குங்கிலியம், நாவல் இனங்கள் போன்றவை மெதுவாக வளர்ந்து முதிர்ந்த காட்டின் கவிகையாகின்றன. வெடிப்பலாவின் பூவும் காயும் சிங்கவால் குரங்கின் முக்கிய உணவு.

விதை சேகரிப்பும் நாற்றங்காலும்

மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதைகளை நெல்லைப் போல உலர்த்திச் சேமிக்க முடியாது. ஈரம் காய்ந்தால் அவை முளைப்புத் திறனை இழந்துவிடும். பழுக்கும் பருவமும் இனத்துக்கு இனம் வேறுபடுவதால், விதை சேகரிப்பு ஆண்டு முழுவதும் நடக்கிறது.

காட்டுக்குள் இயல்பாக முளைக்கவிருக்கும் விதைகளை எடுத்துவிட்டால் அக்காட்டுக்கே இழப்பாகும். அதனால் சாலையோரங்களிலும் தோட்ட விளிம்புகளிலும் விழுந்து, பிழைக்க வாய்ப்பில்லாத விதைகளையே பெரும்பாலும் சேகரிக்கின்றனர். விதைகள் நாற்றங்காலில் நிழல்வலையின் கீழ் முளைக்க வைக்கப்பட்டு, பைகளுக்கு மாற்றப்படுகின்றன. நடவுக்குத் தகுந்த உயரத்தை எட்ட ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம்.

நடவும் பராமரிப்பும்

நடவுக்கு முன் உண்ணிச்செடிப் புதர்கள் அகற்றப்படுகின்றன. அவற்றுக்கிடையே தாமாக முளைத்திருக்கும் காட்டு மரக்கன்றுகளை அடையாளம் கண்டு விட்டுவைப்பது இக்கட்டத்தின் முக்கிய வேலை. நிலத்தை மொத்தமாகச் சுத்தம் செய்தால் இலவசமாகக் கிடைத்த கன்றுகளும் போய்விடும். தென்மேற்குப் பருவமழை தொடங்கி மண் நன்கு நனைந்த பின் கன்றுகள் நடப்படுகின்றன. அடுத்த சில ஆண்டுகள் களையெடுப்பு தொடர்கிறது. நட்டவற்றில் எத்தனை பிழைத்தன என்பதும் கணக்கெடுக்கப்படுகிறது. நட்ட எண்ணிக்கையை விடப் பிழைத்த எண்ணிக்கையே இப்பணியின் அளவுகோல்.

விளைவுகளும் வரம்புகளும்

மீளமைப்புத் தொடங்கி 7 முதல் 15 ஆண்டுகள் ஆன இடங்களை, தலையிடாமல் விடப்பட்ட இடங்களோடும் நல்ல காட்டோடும் ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வெளியானது. நடவு செய்த இடங்களில் மரக்கவிகை, மர இனங்களின் எண்ணிக்கை, சேமிக்கப்பட்ட கரிமம் ஆகியவை தலையிடாத இடங்களை விட அதிகமாக இருந்தன. கரிமச் சேமிப்பு ஏறத்தாழ பாதியளவு கூடுதலாக இருந்தது. பெரிய காட்டிலிருந்து விலகியிருந்த துண்டுகளில் நடவின் பயன் கூடுதலாகத் தெரிந்தது.

ஆயினும் அவ்விடங்கள் முதிர்ந்த காட்டின் நிலையை எட்டிவிடவில்லை. நூற்றாண்டுகளில் உருவான காட்டைச் சில பத்தாண்டுகளில் திரும்பப் பெற இயலாது. எனவே மீளமைப்பு என்பது காட்டை அழிப்பதற்கான ஈடு ஆகாது. இருக்கும் காட்டைக் காப்பதே முதன்மையானது.

மரம் நடக்கூடாத இடங்கள்

மலைகளில் மரமில்லாத இடமெல்லாம் சீரழிந்த காடு அல்ல. வால்பாறைக்கு மேலே உள்ள அக்காமலைப் புல்மலை, நீலகிரி, பழனி மலைகளின் உயர்ந்த பகுதிகளில் இயற்கையான புல்வெளிகளும், மடிப்புகளில் சோலைக்காடுகளும் சேர்ந்தே அமைந்துள்ளன. இப்புல்வெளிகள் வரையாடுகளின் வாழிடம். நீலகிரியிலும் பழனி மலையிலும் இவற்றைத் தரிசு என்று கருதிச் சீகை, யூகலிப்டசு மரங்களை நட்டதால் பரந்த புல்வெளிகள் மறைந்தன. இத்தகைய இடங்களில் மீளமைப்பு என்பது அயல் மரங்களை அகற்றிப் புல்லை மீண்டும் வளரவிடுவதே. உள்நாட்டு மரமேயானாலும் அங்கு நடுவது தவறாகும். ஓரிடத்தில் முன்பு என்ன இருந்தது என்பதை அறிவதே மலைக்காடு மீளமைப்பின் முதல் படியாகும்.