இறக்கத்தில் சம்பாதிக்கிற கார்!

சேலம், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் போய் யாரிடமாவது, "நல்ல வண்டி ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். "எத்தனை சக்கரம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒரு ஊர் லாரிக்குப் பாடி கட்டுகிறது. ஒரு ஊர் போர் போடுகிற ரிக் வண்டியை இந்தியா முழுக்க அனுப்புகிறது. வெறும் நாலு சக்கரம் என்றால் இங்கே வண்டிக் கணக்கிலேயே சேர்த்தி இல்லை. குழந்தைகள் விளையாடுகிற சமாசாரம்!

அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு ஹைப்ரிட் சொகுசு காரை ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். டொயோட்டா கேம்ரி, 2019-ல் வந்த மாடல். சொந்தக்காரர் நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் நண்பர். "பேரைப் போட்டுறாதீங்க" என்று கேட்டுக்கொண்டார். வருமான வரிக்காரர்களும் பத்திரிகை படிக்கிறார்களாம்!

துணைக்கு ஒருவரையும் அனுப்பினார். நாற்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்ந்த டிரைவர் அண்ணன். போகிற ரூட்டும் அவர் சொன்னதுதான். நாமக்கல்லிலிருந்து சேலம், சேலத்து நெரிசலில் ஒரு சுற்று, அப்புறம் ஏற்காடு ஏறி இறங்குவது.

ஸ்டார்ட்டரைக் காணோம்!

பட்டனை அழுத்தினேன். நிசப்தம்.

"ஏனுங் தம்பி, பேட்டரி கீது எறங்கிப் போச்சுங்களா? சத்தத்தையே காணோம்!"

"வண்டி ரெடிங்கண்ணா" என்று மெதுவாக பிரேக்கை விட்டேன். கார் பூனை மாதிரி கேட்டைத் தாண்டியது. அண்ணன் கீழே குனிந்து, யாராவது தள்ளுகிறார்களா என்று பார்த்தார்.

கிளம்பும்போது இந்தக் காரை நகர்த்துவது எஞ்சின் இல்லை, மின்சார மோட்டார். தேவைப்பட்டால்தான் எஞ்சின் விழிக்கும். அதை எழுப்பத் தனி ஸ்டார்ட்டர் கிடையாது. ஆல்டர்னேட்டர் கிடையாது. கிளட்ச் கிடையாது. நமக்குத் தெரிந்த ரகத்தில் கியர் பாக்ஸும் கிடையாது!

"பின்னே எதுதானுங்க இருக்குது?" என்றார் அண்ணன், லேசான பரிதாபத்தோடு.

இருப்பது ஒரு பற்சக்கரக் கூட்டம். நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றி வரும் குட்டிச் சக்கரங்கள், எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு வளையம். சூரியன், கிரகம் கதைதான். சூரியனோடு ஒரு சின்ன மோட்டார் இணைந்திருக்கிறது. கிரகங்களைத் தாங்கும் சட்டத்தோடு எஞ்சின். வெளி வளையத்தின் பக்கம் பெரிய மோட்டாரும் கார் சக்கரங்களும். சின்ன மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் போதும், எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதை கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது. எஞ்சினை எழுப்புவதும், கரண்ட் உற்பத்தி செய்வதும் அதே சின்ன மோட்டார்தான். ஒரே ஆளுக்கு மூன்று டிபார்ட்மென்ட். சம்பளம் ஒன்று. நம்ம ஆபீஸ் மாதிரியேதான்!

எஞ்சினும் ஒரு தினுசு. 2,487 சி.சி. பெட்ரோல். பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் உள்ளிழுக்கும் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். அதனால் அழுத்துகிற காற்று குறைவு. ஆனால் வெடித்து விரியும்போது முழு நீளத்துக்கும் வேலை வாங்கும். 19-ம் நூற்றாண்டில் ஜேம்ஸ் அட்கின்சன் என்ற இங்கிலாந்து எஞ்சினீயர் யோசித்த வழி இது. பெட்ரோலின் சக்தியில் 41 சதவீதம் வரை வேலையாக மாறுகிறது என்பது டொயோட்டா சொல்லும் கணக்கு. பெட்ரோல் எஞ்சினுக்கு இது பெரிய மார்க்!

குறை? இந்த ரக எஞ்சினுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க சோம்பல். மோட்டாரோ, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும் ஆள். ஒருத்தர் சிக்கனம், ஒருத்தர் சுறுசுறுப்பு. இரண்டு பேரும் சேர்ந்தால் 218 குதிரை சக்தி. நல்ல ஜோடி!

முட்டை டெஸ்ட்

நாமக்கல்லில் பரீட்சைக்குப் பொருளா பஞ்சம்? முப்பது முட்டை கொண்ட ஒரு அட்டையைப் பின் சீட்டில் வைத்துவிட்டார் நண்பர்.

புதுச்சத்திரம், ஆண்டகளூர் கேட், மல்லூர் என்று நான்கு வழிச் சாலையில் கார் வழுக்கிக்கொண்டு போனது. கியர் மாறுகிற குலுக்கல் இல்லை, ஏனென்றால் மாறுவதற்குக் கியரே இல்லை. சஸ்பென்ஷன் மெத்தை. ஒன்றரை டன்னுக்கு மேல் எடை இருப்பதால் ரோட்டை விட்டு அலைபாயவில்லை.

ஒரு டேங்கரை முந்துவதற்காக ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தேன். அங்கேதான் இதன் குணம் தெரிந்தது. எஞ்சின் ஒரேயடியாகக் குரலை உயர்த்தி, அதே சுருதியில் நின்று கத்துகிறது. வேகம் ஏறுகிறது, நன்றாகவே ஏறுகிறது. ஆனால் சத்தம் முன்னால் போக, கார் பின்னால் வருகிற மாதிரி ஒரு பிரமை. கியரை மாற்றி மாற்றி விரட்டுவதுதான் ஓட்டுதல் என்று நினைக்கும் இளவட்டங்களுக்கு இந்தக் கார் ஏமாற்றம். பின் சீட்டில் சாய்ந்து ஃபைல் பார்ப்பவருக்குச் சொர்க்கம்.

இன்னொரு விஷயம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது பெரும்பாலும் எஞ்சின்தான் வேலை செய்கிறது. ஹைப்ரிட்டின் வித்தை அங்கே அவ்வளவாகத் தெரியாது. சேலம் ஐந்து ரோட்டுக்கு வாருங்கள்! பாலத்துக்குக் கீழே சிக்னல், பஸ், ஆட்டோ, குறுக்கே வருகிற சைக்கிள்... நின்று நின்று ஊர்கிற இடத்தில் எஞ்சின் அடிக்கடி அணைந்து கிடக்கிறது. ஆனால் ஏ.ஸி. அணையவில்லை. அதன் கம்ப்ரஸரும் மின்சாரத்தில் ஓடுகிறது. சேலத்து வெயிலில் இதற்காகவே ஒரு கும்பிடு போடலாம். மற்ற கார்கள் பெட்ரோலைக் குடிக்கும் இடத்தில் இது விரதம் இருக்கிறது!

பிரேக் மிதித்தால் பட்டை உடனே உராய்வதில்லை. முதலில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, காரின் ஓட்டத்தைக் கரண்டாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. மிச்சத்தைத்தான் சாதாரண பிரேக் பார்த்துக்கொள்கிறது. நிற்கப் போகும் கடைசி நொடியில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுவது காலில் லேசாகத் தெரிகிறது. பழகினால் மறந்துவிடும்.

முட்டை? முப்பதும் முழுசு!

தொப்பூர் கணக்கு

ஏற்காடு அடிவாரத்தில் டீ குடிக்கும்போது அண்ணன் தொப்பூரைப் பற்றி ஆரம்பித்தார். தர்மபுரியிலிருந்து சேலம் வருகிற வழியில் இருக்கும் கணவாய். பெங்களூர் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு நீண்ட இறக்கம். அங்கே விபத்துச் செய்தி வராத வருஷம் உண்டா? 2020 டிசம்பரில் ஒரு லாரி வரிசையாக நின்ற வண்டிகள் மேல் ஏறியது. 2024 ஜனவரியில் மறுபடியும் லாரிகள் மோதித் தீப்பிடித்தன.

"எல்லாம் நியூட்ரல் பண்ற வேலைங்க தம்பி. ஓனருக்கு மைலேஜ் காட்டோணும். எறக்கம் வந்துச்சுன்னா நியூட்ரல்ல தள்ளிப் போட்டு உட்ருவாங்க. வண்டி சும்மா உருளுது, டீசல் மிச்சம்னு நெனப்பு. முப்பது, நாப்பது டன்னுங்க! மிதிச்சு மிதிச்சு டிரம் பழுத்துப் போயிரும். லைனர் கருகுற வாசம் வரும். அப்புறம் மிதிச்சா வெறும் பெடல்தான். எந்தக் கியர்ல ஏறுனமோ அதுலயே எறங்கோணும். எனக்கு வண்டி பழக்கி உட்டவரு சொன்ன மொதப் பாடம் அது."

அந்த டிரைவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. இறக்கத்தில் வண்டிக்குள் ஒரு சக்தி சும்மா கிடைக்கிறது, அதைக் காசாக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது நியாயம்தான். எடுக்கத் தெரிந்த வழிதான் ஆபத்து. அதே சக்தியை நேர் வழியில் எடுப்பதற்காகப் பிறந்ததுதான் ஹைப்ரிட்.

இருபது வளைவு, ஆறு யூனிட்

ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். ஆட்களோடு 1,900 கிலோ கார் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், மேலேயிருந்து கீழே வருவதற்குள் சுமார் 6 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி கையில் இருக்கிறது. காற்றும் டயர் உராய்வும் கொஞ்சம் சாப்பிடும். மீதியைச் சாதாரண கார் பிரேக்கில் சூடாக்கி வீசிவிடும்.

கேம்ரியில் இறங்கினேன். எஞ்சின் அணைந்தது. டேஷ்போர்டில் பேட்டரிக் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. "எறங்கறப்ப டேங்க் ரொம்புதுங்களே!" என்று அண்ணன் குழந்தை மாதிரி சிரித்தார்.

சில வளைவுகள் தாண்டியதும் ஒரு திருப்பம். பேட்டரி நிறைந்துவிட்டது! பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் அந்த நிக்கல் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான். ஆயுளுக்காக அதையும் விளிம்பு வரை நிரப்ப விடமாட்டார்கள். மலை கொடுப்பதை எல்லாம் வாங்கி வைக்க இடமில்லை.

அப்போது எஞ்சின் உறுமியது. பெட்ரோல் எரியவில்லை. சின்ன மோட்டார் அந்த எஞ்சினைச் சும்மா சுற்ற வைத்து, மிச்ச சக்தியை அதில் கரைத்து, காரைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது. லாரிக்காரர் பாஷையில் சொன்னால், எஞ்சின் பிரேக்!

அண்ணன் காதைத் தீட்டிக் கேட்டார். "அட... கடைசியில இதுவும் நம்ம வாத்தியார் சொன்னதைத்தான பண்ணுது!"

இதில் இன்னொரு வேடிக்கை. இந்தக் காரில் நியூட்ரல் போட்டால் பேட்டரி சார்ஜ் ஆகவே ஆகாது.

பர்ஸைத் திறக்கலாமா?

ஜப்பானில் 1997-ல் ப்ரியஸ் காரோடு ஆரம்பித்த சங்கதி இது. 2010-ல் ப்ரியஸ் இந்தியாவுக்கு வந்தது. 2013-லிருந்து கேம்ரி ஹைப்ரிட்டைப் பெங்களூர் அருகே பிடதியிலேயே பூட்டி விற்கிறார்கள். 2019 மாடலுக்கு அரசாங்கச் சோதனையில் லிட்டருக்கு 23.27 கிலோமீட்டர். 2024 டிசம்பரில் வந்த அடுத்த மாடலுக்கு 25.49. நிக்கல் போய் லித்தியம் பேட்டரி வந்துவிட்டது. விலை, வந்த அன்று ஷோரூமில் 48 லட்சம். மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்; இதற்கோ, 2025 செப்டம்பரில் குறைத்த பிறகும் 40.

வருஷம் 15,000 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள். சாதாரண பெட்ரோல் சொகுசு கார் 12 கொடுக்கிறது, இது 18 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டர் நூறு ரூபாய் என்றால் மிச்சம் வருஷத்துக்குச் சுமார் 42,000. அதற்காக 48 லட்சம் போடுகிறவர் கணக்கில் புலி இல்லை! நிசப்தத்துக்கும் சொகுசுக்கும் காசு கொடுக்கிறவர் வாங்கலாம். அவ்வளவு வேண்டாம் என்றால், இதே ரகப் பற்சக்கர வித்தை 2022-லேயே ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, இன்னோவா ஹைகிராஸ் என்று கீழே இறங்கி வந்துவிட்டது.

அதுவும் எட்டாத நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களுக்கு ஒரு இலவச இணைப்பு உண்டு. இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கியரில் வைத்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரல் போட்டாலோ, எஞ்சின் அணையாமல் இருக்க ஐட்லிங் பெட்ரோல் எரிந்தே ஆக வேண்டும். ஆக, நியூட்ரலில் மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை. சாவியைத் திருகி அணைத்துவிட்டு இறங்கும் மகானுபாவர்களுக்கோ, பிரேக்கின் பவரும் ஸ்டீயரிங்கின் பவரும் சேர்ந்தே போய்விடும்.

அதனால் ஏற்காடோ, கொல்லிமலையோ, தொப்பூரோ, இறக்கத்தில் கியரிலேயே இருங்கள். 48 லட்ச ரூபாய் காரிலிருந்து நமக்கு ஓசியில் கிடைக்கிற ஒரே ஸ்பேர் பார்ட் அதுதான்!